ஒன்பது முறை தோற்றவருக்குப் புகழ் மண்டபத்தில் இடமா?

கேள்வி, 11 டிசம்பர் 2012

குத்துச்சண்டை வீரர் ஆர்ட்டுரோ கேட்டியை, நியூயார்க் மாநிலத்துக் கனஸ்டோட்டாவில் உள்ள சர்வதேசக் குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதுவும் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே. 40 வெற்றி, 9 தோல்வி. உச்சத்தில் இருந்த பெரிய ஆள் எவரையும் அவர் வென்றதில்லை. அடி வாங்கினார், விழுந்தார், எழுந்தார், மக்கள் கைதட்டினார்கள். அது புகழ் மண்டபமா, ரசிகர் மன்றமா?

12 டிசம்பர் 2012

ரசிகர் மன்றம் என்ற சொல்லை மட்டும் ஏற்க மாட்டேன். வாக்களிப்பவர்கள் ரசிகர்கள் அல்லர். அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர் சங்கத்தினரும் வரலாற்று ஆய்வாளர்களும்தான். மற்றபடி உங்கள் கட்சிதான் நானும். கேட்டிக்கு அங்கே இடமில்லை.

இந்த ஆண்டு அவரோடு தேர்வான இருவரைப் பாருங்கள். வெர்ஜில் ஹில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் ஆண்டுக்கணக்கில் பட்டம் வைத்திருந்தவர். 1996இல் ஜெர்மனிக்கே போய் ஹென்றி மாஸ்கேயை அவருடைய ஊர்க்காரர்கள் முன்னிலையில் வென்றவர். தென்கொரியாவின் யூ மியோங்-வூ 39 சண்டைகளில் ஒன்றில்தான் தோற்றார். லைட் ஃப்ளைவெயிட் பட்டத்தை 1985இல் பெற்று, 17 முறை தொடர்ந்து காத்தார். 1991இல் ஹிரோகி இயோகாவிடம் அதை இழந்தார். மறு ஆண்டே அதே இயோகாவிடமிருந்து மீட்டார். 1993இல் ஓய்வு பெற்றார். இப்பேர்ப்பட்டவர் கனஸ்டோட்டாவின் கதவு திறக்க 2012 வரை காத்திருந்தார். 2007இல் கடைசிச் சண்டையில் ஆடிய கேட்டியோ, ஓய்வுக்குப் பிறகான ஐந்து ஆண்டுக் கெடு முடிந்த கையோடு உள்ளே போய்விட்டார்.

யூவின் சண்டைகள் ஏறக்குறைய எல்லாம் கொரியாவில் நடந்தன. கேட்டியின் சண்டைகள் சனிக்கிழமை இரவுகளில் அமெரிக்க வீடுகளுக்குள் நடந்தன. காரணம் இதைவிட வேறில்லை.

12 டிசம்பர் 2012, இரவு

ஒரு திருத்தம். பெரிய ஆள் எவரையும் வென்றதில்லை என்று கேள்வியில் இருந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டேன். அவர் இரண்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் பெற்றவர் என்பதையாவது சொல்லியிருக்க வேண்டும். 1995இல் ட்ரேசி ஹாரிஸ் பேட்டர்சனை வென்று ஒன்று. 2004இல் ஜான்லூகா பிரான்கோவை வென்று மற்றொன்று. முதல் பட்டத்தை மூன்று முறையும் இரண்டாவதை இரண்டு முறையும் காத்தார். வெறும் அடிதாங்கி அல்லர். ஆனாலும் ஐந்தும் பதினேழும் ஒன்றா?

14 டிசம்பர் 2012

இரண்டு நாளாக ஒன்றைச் சொல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் வாதாடுவது நேர்மையில்லை. நான் கேட்டியை நேரில் பார்த்தவன்.

அப்போது ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம், மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தோம். கேட்டி இத்தாலியில் பிறந்து மான்ட்ரியலில் வளர்ந்தவர். ஆனால் தொழில் தேடி வந்து தங்கியது ஜெர்சி சிட்டியில்தான். முடிதிருத்தும் கடையிலும் பீட்சா கடையிலும் அவர் படத்தை ஒட்டியிருப்பார்கள். அவர் கொடுத்த கையெழுத்தைக் காட்டாத கடைக்காரர் அரிது. எங்கள் ஊரில் கபடி வீரனைப் பற்றிப் பேசுவது போல, சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசும் தொனியில் பேசுவார்கள்.

25 ஜூன் 2005. அட்லான்டிக் சிட்டியின் போர்டுவாக் ஹாலில் ஃபிளாய்ட் மேவெதருடன் சண்டை. மேலே, கூரைக்குப் பக்கத்தில் எங்கள் இருக்கைகள். ஊர் முழுவதும் கேட்டிக்காகத் திரண்டிருந்தது. முதல் சுற்றிலேயே ஒரு பிடியிலிருந்து விலகும்போது கேட்டி நடுவரிடம் முறையிடத் திரும்பினார். அந்தக் கணத்தில் மேவெதர் அடித்தார். கயிற்றில் சாய்ந்தவரை விழுந்ததாகக் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது சண்டை அல்ல, பாடம். மேவெதரின் கை கேட்டியின் முகத்துக்கு நினைத்த நேரத்தில் போய் வந்தது. கேட்டி வீசிய குத்து மேவெதர் முன்பு இருந்த இடத்தைத் தொட்டது. ஆறாம் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் பட்டி மெக்கர்ட் போதும் என்று நிறுத்திவிட்டார்.

எனக்கு மறக்காதது அதற்குப் பின் நடந்தது. யாரும் ஏசவில்லை. பாதிப் பணம் வீண் என்று யாரும் முணுமுணுக்கவில்லை. எழுந்து நின்று, தோற்றவரின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார்கள். என் பக்கத்திலிருந்த அறைத்தோழன் அதுவரை ஒரு குத்துச்சண்டையும் பார்த்திராதவன். அவன் கண் கலங்கியிருந்தான். ஏன் என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

இதைப் பார்த்த பிறகும் இடமில்லை என்றுதான் சொல்கிறேன். அழவைப்பது வேறு, உயர்ந்தோர் வரிசையில் நிற்பது வேறு.

15 டிசம்பர் 2012

ஒன்பதாம் சுற்றை மறுபடி போட்டுப் பார்த்தேன். 18 மே 2002, கனெக்டிகட்டின் மொஹீகன் சன் அரங்கு, மிக்கி வார்டுடன் முதல் சண்டை. அந்தச் சுற்று தொடங்கியவுடன் வார்டின் இடது கை கேட்டியின் விலாவுக்குக் கீழே இறங்குகிறது. கேட்டி மண்டியிடுகிறார். முகம் கோணிப் போகிறது. எழுகிறார். வார்ட் மேலே பாய்ந்து அடிக்கிறார், அடிக்கிறார், அடித்தே களைத்துப் போகிறார். உடனே கேட்டி திருப்பி அடிக்கத் தொடங்குகிறார்! கொஞ்ச நேரம் வார்ட் பின்வாங்குகிறார். மறுபடி வார்ட். நடுவர் ஃப்ராங்க் கப்புச்சினோ இப்போது நிறுத்துவார், இப்போது நிறுத்துவார் என்று பத்தாவது முறை பார்க்கும்போதும் என் கை தானாக நாற்காலியின் பிடியை இறுக்குகிறது.

சுற்று முடிந்ததும் சண்டை நிறுத்தப்பட்டுவிட்டதாக வார்டின் பக்கத்தார் நினைத்துக் கொண்டாடத் தொடங்கினார்கள். இல்லை, பத்தாவது சுற்றுக்கும் கேட்டி வந்தார். முடிவில் வார்டுக்கு வெற்றி: 95–93, 94–93, மூன்றாமவர் 94–94. நான்காம் சுற்றில் இடுப்புக்குக் கீழே அடித்ததற்காகக் கேட்டிக்கு ஒரு புள்ளி போயிருந்தது. ஒரு புள்ளி!

வேறோர் இடத்தில் இவ்விருவரும் மோதிய மூன்று சண்டைகளையும் பட்டத்துக்கான பன்னிரண்டு சுற்றுச் சண்டைகள் என்று எழுதியிருந்தேன். தவறு. மூன்றுமே பத்துச் சுற்று. மூன்றிலுமே பட்டம் எதுவும் பணயத்தில் இல்லை. இந்தத் தவற்றைத் திருத்தும்போதுதான் என் வாதம் எங்கே ஆடுகிறது என்று தெரிகிறது. பட்டமே இல்லாத ஒரு சண்டையை இருவரும் இப்படிச் சண்டையிட்டிருக்கிறார்கள் என்றால், பட்டங்களை எண்ணி மனிதரை அளக்கும் என் தராசு எதை அளக்கிறது?

18 டிசம்பர் 2012

அடி வாங்குவது மட்டும்தான் துணிச்சல் என்று மேலே ஒருவர் எழுதியதற்கு.

வார்டின் இடது கையைக் கவனியுங்கள். முதலில் அதே இடது கையால் எதிரியின் தலையை லேசாகத் தட்டுவார். வலிக்காத தட்டல். எதிரி கையுறையை உயர்த்துவார், விலா திறக்கும். அந்தத் தட்டலிலிருந்து பின்வாங்காமல் அதே கை ஈரலுக்கு இறங்கும். 1997இல் லாஸ் வேகாஸில் அல்ஃபோன்சோ சான்செஸிடம் ஆறு சுற்றுகள் ஒன்றும் செய்யாமல் தோற்றுக்கொண்டே இருந்தார், ஏழாவதில் ஒரே ஓர் ஈரல் குத்து, சான்செஸ் எழவில்லை. இது தற்செயல் அல்ல. மாசச்சூசெட்ஸின் லோவெல் நகரில் சாலைக்குத் தார் போடும் வேலை பார்த்துக்கொண்டே பயின்ற கலை.

கேட்டியும் அப்படித்தான். இரண்டாவது சண்டையில், அதே 2002 நவம்பரில், அவர் கால்களை நகர்த்தி, ஜாப் எனும் நேர்க்குத்து அடித்து, தூரத்தில் நின்று ஆடி எளிதாக வென்றார். அவரால் அடி வாங்காமலும் சண்டையிட முடியும்! மெக்கர்ட் அதைத்தான் கற்றுக்கொடுத்தார். மூன்றாவதில், 2003 ஜூனில், வலது கை உடைந்துபோனது. ஆறாம் சுற்றில் கீழே விழுந்தார். உடைந்த கையோடு முடித்து வென்றார். ஆக, துணிச்சல் என்று நாம் சொல்வது திறமை தீர்ந்துபோன இடத்தில் தொடங்குவதல்ல. திறமையும் வலியும் ஒரே உடம்பில் இருக்கும்போது எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பது.

19 டிசம்பர் 2012

நேற்றிரவு தூங்கப் போகும்போது உறைத்தது. கேட்டி உள்ளே இருக்கிறார். வார்ட் இல்லை.

38 வெற்றி, 13 தோல்வி. உலகப் பட்டம் வழங்கும் பெரிய நான்கு அமைப்புகளின் பட்டம் எதையும் வென்றதில்லை. சரி, எண்களால் தள்ளிவிடலாம். ஆனால் கேட்டியை உள்ளே அனுப்பியது எண்கள் அல்லவே! அந்த மூன்று இரவுகள் இல்லாவிட்டால் முதல் ஆண்டிலேயே தேர்வாகியிருப்பாரா? அந்த மூன்று இரவுகளில் ஒருவர்தான் இருந்தாரா?

3 ஜனவரி 2013

ஊருக்குப் போயிருந்தேன். செங்கம் பக்கம். சிறுவயதில் ஆடு மேய்க்கும் இடத்தில் ஒரு நடுகல் பார்த்திருக்கிறேன். அதில் முதுகு தேய்த்துக்கொள்ளும் ஆடுகளை விரட்டுவது எங்கள் வேலை. கையில் வில், இடுப்பில் குறுவாள், சுற்றிலும் வட்டெழுத்து. கவர்ந்து போன மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல். இந்தமுறை அதன் எதிரே வெகுநேரம் நின்றேன்.

அந்தக் கல்லில் எத்தனை சண்டை வென்றான் என்று எழுதுவதில்லை. எந்த அரசன் காலம், யாருடைய ஆள், எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப் போய்ப் பட்டான், அவ்வளவுதான். நெஞ்சில் பட்ட புண்ணுக்கு விழுப்புண் என்று தனிப்பெயர் வைத்த மொழி நம்முடையது. தோற்றவனுக்குக் கல் வைப்பது நமக்குப் புதிதல்ல என்று எழுதி, கேட்டிக்கு ஆதரவாக முடித்துவிடலாம் என்று அங்கேயே தோன்றியது.

வீடு திரும்பும் வழியில் அது நிற்கவில்லை. மாடு மீட்கப் போனவன் பின்னால் ஓர் ஊர் இருந்தது. அவன் போகாவிட்டால் பால் இல்லை, உழவு இல்லை. கேட்டி யாருடைய மாட்டை மீட்டார்? நாங்கள் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தோம். அவர் எங்களுக்காக அடிபட்டார் என்றால், அந்த அடிக்கு விலை கொடுத்தவர்கள் நாங்கள். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

21 ஜூலை 2013

கனஸ்டோட்டாவுக்குப் போய் வந்தேன். ஜெர்சி சிட்டியிலிருந்து நாலரை மணி நேரம் காரில். நெடுஞ்சாலையின் 34ஆம் வாயிலில் இறங்கினால் எதிரிலேயே மண்டபம். மண்டபம் என்ற சொல் மனத்தில் எழுப்பும் உருவம் எதுவும் அங்கே இல்லை, சின்னக் கட்டடம். சுற்றிலும் கறுப்பு மண் வயல்கள். வெங்காயம் விளையும் பூமி.

இந்த ஊரில் ஏன் வைத்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கார்மென் பசிலியோ இந்த ஊர்க்காரர், வெங்காய விவசாயியின் மகன். 1957இல் யாங்கி ஸ்டேடியத்தில் சுகர் ரே ராபின்சனைப் பதினைந்து சுற்றுகளில் வென்று மிடில்வெயிட் பட்டம் பெற்றவர். மறு ஆண்டு ராபின்சனுடன் மறுசண்டையில் ஒரு கண் முழுவதும் வீங்கி மூடிக்கொண்டது. ஒற்றைக் கண்ணோடு கடைசிச் சுற்றுவரை நின்று தோற்றார். அவரையும், வெல்டர்வெயிட் சாம்பியனான அவருடைய சகோதரி மகன் பில்லி பேக்கஸையும் கௌரவிக்க ஊர்க்காரர்கள் 1980களில் ஒரு காட்சிப் பெட்டி வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1989இல் திறந்த இந்த மண்டபம். 1990இல் முதல் தேர்வு. பசிலியோ அதில் ஒருவர். போன நவம்பரில் 85 வயதில் இறந்துபோனார்.

பசிலியோவின் கணக்கு: 56 வெற்றி, 16 தோல்வி, 7 சமன். பதினாறு தோல்வி! ஒன்பது தோல்விக்கு இங்கே நாம் எழுப்பிய கூச்சல் எனக்குள்ளேயே அடங்கிப் போயிற்று. அந்த மண்டபத்தின் அடிக்கல்லே பதினாறு முறை தோற்ற ஒரு மனிதர். வெல்டர், மிடில் இரண்டிலும் சாம்பியன், உண்மை. ஆனால் ஊர் அவருக்குப் பெட்டி வைத்தது பட்டத்துக்காக மட்டுமில்லை, மூடிய அந்தக் கண்ணுக்காகவும்தான் என்று நான் நம்புகிறேன்.

உள்ளே பழைய மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 1925 முதல் 2007 வரை பயன்பட்டது. 1971இல் அலியும் ஃப்ரேசியரும் மோதியது இந்தப் பலகைகள் மேல்தான். வீரர்களின் முஷ்டியை அச்செடுத்து வார்த்த வார்ப்புகளும் இருக்கின்றன. ஒன்றின் எதிரே என் கையை வைத்துப் பார்த்தேன்.

யூ மியோங்-வூவின் பலகையின் முன் நின்றேன். ஒருவரும் நிற்கவில்லை. கேட்டியின் பலகை முன்னால் ஒரு தகப்பன் தன் மகனிடம் ஒன்பதாம் சுற்றைக் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் பிறந்தது அந்தச் சண்டைக்குப் பிறகாகத்தான் இருக்கும்.

12 டிசம்பர் அன்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கேட்டிக்கு இடம் உண்டு. முதல் ஆண்டிலேயே என்பதில் இன்னும் வருத்தம்தான், யூவை நினைத்து.

16 ஜூன் 2015

ரே மான்சீனியை இந்த ஆண்டு சேர்த்திருக்கிறார்கள். 29 வெற்றி, 5 தோல்வி. ஒஹாயோவின் யங்ஸ்டவுன் நகரத்துச் செல்லப்பிள்ளை. அவருடைய தகப்பனார் லென்னியும் குத்துச்சண்டை வீரர். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டுப் பட்டக் கனவை இழந்தவர். மகன் அப்பாவுக்காகப் பட்டம் வென்றார். இந்தக் கதைக்கு உருகாதவர்கள் இல்லை.

நான் வேறொருவரைப் பற்றி எழுத வந்தேன். 13 நவம்பர் 1982, லாஸ் வேகாஸ். மான்சீனியின் எதிரே கிம் டுக்-கூ. கொரியாவிலிருந்து வந்த, அமெரிக்காவில் ஒருவருக்கும் தெரியாத ஆள். பதினான்காம் சுற்றுவரை நின்றார். விழுந்தார், கயிற்றைப் பிடித்து எழ முயன்றார். சில நாளில் மூளைக் காயத்தால் இறந்துபோனார். அதன் பிறகுதான் உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி. பட்டச் சண்டைகளைப் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. இன்று மேடை ஏறும் ஒவ்வொருவரும் கிம்முக்கு மூன்று சுற்றுக் கடன்பட்டிருக்கிறார்கள்.

துணிச்சலுக்குத்தான் பலகை என்றால், அந்த இரவில் மேடையில் இருந்தவர்களில் யாருக்குத் துணிச்சல் குறைவு? இதை மான்சீனியைக் குறைசொல்ல எழுதவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் அந்த இரவைச் சுமந்தவர். துணிச்சலைப் பாராட்டும்போது அது ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஜெரி குவாரி அலியுடனும் ஃப்ரேசியருடனும் இரண்டிரண்டு முறை மோதினார்; ஒருமுறையும் பின்வாங்கவில்லை; 1999இல் 53 வயதில் மூளை தேய்ந்து இறந்தார். கனஸ்டோட்டாவில் அவருக்குப் பலகை இல்லை. வார்ட் தன் மூளையை இறந்தபின் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கைதட்டிய எங்களுக்கு அதைக் கேட்கும்போது கை கூசுகிறது.

17 ஜூன் 2015

அப்படியானால் துணிச்சலைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்த அடிகள் இன்னும் வீணாகும். ஆனால் நாம் பார்த்த துணிச்சலுக்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டு அதைத் துணிச்சலுக்கான மதிப்பெண் என்று சொல்லக் கூடாது. அது நம் தொலைக்காட்சிக்கான மதிப்பெண்.

14 செப்டம்பர் 2025

ரிக்கி ஹாட்டன் இறந்துவிட்டார். 46 வயது. எழுத முடியவில்லை. பிறகு வருகிறேன்.

20 செப்டம்பர் 2025

போன ஆண்டுதான் அவரைச் சேர்த்தார்கள். கெடு இப்போது மூன்று ஆண்டாகக் குறைந்துவிட்டது; ஆனாலும் 2012இல் கடைசியாக மேடை ஏறியவருக்கு 2024 வரை ஆயிற்று. வெறும் பிரபலம் என்று ஹாட்டனைத் தள்ள முடியாது. 2005 ஜூனில் மான்செஸ்டரில் கோஸ்ட்யா ட்சூவை மூலையிலிருந்து எழவிடாமல் செய்தவர். அதே மாதத்தில் அட்லான்டிக் சிட்டியில் நான் கேட்டியின் தோல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டு கழித்து மேவெதர் ஹாட்டனையும் வீழ்த்தினார். அன்று லாஸ் வேகாஸில் ஆயிரக்கணக்கான ஆங்கிலேயர்கள் தோற்றவருக்காகப் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

இந்த ஆண்டு வின்னி பாஸ். 1991இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, மண்டையோட்டில் திருகாணி முடுக்கிய இரும்பு வளையத்தோடு வீட்டுக்குப் போனவர். அதோடு ரகசியமாக எடை தூக்கி, பதின்மூன்று மாதத்தில் மறுபடி மேடை ஏறியவர். அவரும் இரண்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் பெற்றவர், பத்து முறை தோற்றவர். அவர் பெயர் வந்தபோது இங்கே ஒருவரும் கேள்வி எழுப்பவில்லை. பதின்மூன்று ஆண்டில் நாம் எல்லோரும் நகர்ந்திருக்கிறோம்.

22 செப்டம்பர் 2025

உங்களுக்கு வாக்குச்சீட்டு கொடுத்தால் யாருக்குப் போடுவீர்கள் என்ற கேள்விக்கு. மிக்கி வார்டுக்கு. முதல் பெயராக.

பட்டங்களின் கணக்கு எனக்குத் தெரியும், திரும்பச் சொல்ல வேண்டாம். 2007 ஜூலையில் கேட்டியின் கடைசிச் சண்டைக்கும் போர்டுவாக் ஹாலுக்குப் போனேன். அதே கூரை, அதே உயரத்து இருக்கை. எதிரே அல்ஃபோன்சோ கோமஸ் என்ற இளைஞர். கேட்டியின் கால்கள் வரவில்லை. ஏழாம் சுற்றில் முடிந்துபோனது. இரண்டு ஆண்டு கழித்து பிரேசிலில் 37 வயதில் கேட்டியே முடிந்துபோனார்.

அன்று மெக்கர்ட் இல்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கேட்டி தள்ளாடித் திரும்பி வந்த மூலையில் பயிற்சியாளராக நின்றுகொண்டிருந்தவர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருடைய விலாவில் அந்த இடது கையை இறக்கியவர். மிக்கி வார்ட்.